சாந்தம்மாள் இருந்த விரதம்

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு அளவு தெரியாது. ஒரு கைச்சோற்றை வேண்டாம் என்று சொல்வதற்காகச் சாந்தம்மாள் மாரியம்மனையே இழுத்துக்கொண்டு வந்ததை வேறு எப்படிச் சொல்வது?

சின்னக்கானலுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சாந்தம்மாள், மாரீஸ்வரி, சிசிலி மூவரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே நிரையில் கொழுந்து வெட்டுகிறவர்கள். மத்தியானம் விசில் ஊதியதும் மூவரும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்காருவார்கள். மாரீஸ்வரி மூன்று தூக்குகளையும் வாங்கி, சோறு, குழம்பு, பொரியல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே அலுமினியச் சட்டியில் கொட்டிப் பிசைவாள். சாந்தம்மாள் வீட்டுப் பருப்பும் சிசிலி வீட்டு மத்திக் குழம்பும் அங்கே ஒன்றாகிவிடும். பிறகு உருட்டி உருட்டி ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் வைப்பாள். யார் எத்தனை உருண்டை தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. சட்டி காலியாகிறவரை கைகள் நீண்டுகொண்டே இருக்கும். கடைசி உருண்டை யாருக்கு என்று தினமும் ஒரு செல்லச் சண்டை நடக்கும், தினமும் அது சாந்தம்மாளுக்கே போகும். தனியாக இருக்கிறவள், சாயங்காலம் போய் என்னத்தைப் பொங்கித் தின்னப் போகிறாள் என்று மாரீஸ்வரிக்கு ஒரு நினைப்பு.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தக் கை நீளவில்லை. சாந்தம்மாள் தன் தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கையக் காட்டு" என்றாள் மாரீஸ்வரி.

"எனக்கு வேணாம் மாரி. நான்... நான் விரதம்."

"என்ன விரதம்? சொல்லவேயில்ல?"

"அம்மனுக்கு. திருவிழா முடியுற வரைக்கும். யாரு கைச்சோறும் வாங்குறதில்ல. இனிப்பு தொடுறதில்ல."

அதோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் மாரீஸ்வரி சாமி காரியத்தில் கெட்டிக்காரி. "அப்பன்னா கவுச்சியும் கெடையாதுல்லா?" என்று கேட்டாள். சாந்தம்மாள் தலையை ஆட்டினாள். "தனியா ஒக்காந்துதான சாப்பிடணும்? எங்க எச்சிக்கை படக் கூடாதே" என்று அடுத்ததையும் கேட்டாள். அதற்கும் தலையை ஆட்டினாள். தான் இருக்கிற விரதத்துக்கு இத்தனை சட்டம் உண்டென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாரீஸ்வரி எழுந்து போய், பத்தடி தள்ளிக் கிடந்த ஒரு பாறையைத் துண்டால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்தாள். "நீ இனிமே அங்கன ஒக்காந்துக்கக்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பக்தி. சாந்தம்மாள் தூக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் உட்கார்ந்தாள்.

உள்ளபடி நடந்தது வேறு. பொங்கல் கழிந்த வாரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் 'ஜீவிதசைலி கேம்ப்' என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டி, ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் பிரஷரும் சுகரும் பார்த்தார்கள். சாந்தம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் டின்சிக்கு முகம் சரியில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனைக்குக் கையிலிருந்து தனியாக ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். கோட்டயத்துப் பெண், தமிழ் கொஞ்சம் மலையாளம் கொஞ்சமாகத்தான் பேசுவாள்.

"ஆறு புள்ளி மூணு, சேச்சி. சுகர் வந்தாச்சுன்னு பறயலை. வர்றதுக்கு நிக்குது, கேட்டோ. இப்பச் சாப்பாட்டைச் சரியாக்கினா மாத்திரை வேண்டா. விட்டா வந்துடும்."

ஒரு தாளில் வட்டமாகத் தட்டு வரைந்து கோடு போட்டுக் காட்டினாள். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். கால் தட்டு பயறு, இல்லையென்றால் முட்டை, மீன். மிச்சமிருக்கிற கால் தட்டுதான் சோறு. சாயாவில் பஞ்சசார என்கிற சர்க்கரை கூடாது. சாப்பிட்டபின் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும்.

சாந்தம்மாள் தாளைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு இதே வயதில்தான் சுகர் வந்தது. கட்டைவிரலில் வந்த சின்னப் புண்ணை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போனதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து, வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சனம் அவளை ஒதுக்கி வைத்ததைத்தான் தாங்கவில்லை. ஒதுக்கினார்கள் என்றால் வெறுத்து ஒதுக்கவில்லை, எல்லாம் அக்கறைதான். கல்யாணப் பந்தியில் பாயச வாளி அவள் இலையைத் தாண்டிப் போகும், 'ஒங்களுக்கு ஆகாதே' என்று. பிறகு பந்திக்கே கூப்பிடாமல் விட்டார்கள், 'பாவம், பாத்தா ஆசை வரும்' என்று. கடைசி இரண்டு வருஷம் அம்மா அந்த ஒற்றை அறை முறியை விட்டு வெளியே வரவேயில்லை. ஒருநாள் சர்க்கரை டப்பாவில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தவளின் கையில் சாந்தம்மாளே ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடிக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பயம் இரண்டு. கால் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து முறியும் போகும். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம் கிடக்கிறது. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகன் பாண்டீஸ்வரன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலையை விட்டுவிட்டு என்னோடு வா என்று அவன் கூப்பிட்டு, இவள் மாட்டேன் என்று சொல்லி, 'ஒனக்கு நான் முக்கியமா தேயிலை முக்கியமா' என்று அவன் முறுக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. தடுக்கி விழுந்தால் தூக்கி நிறுத்த ஆள் கிடையாது. ஆகவே காலைக் காப்பாற்றியாக வேண்டும். இன்னொரு பயம் அந்த மரத்தடி. நாள் முழுக்க அவளோடு பேசுகிற வாய்கள் அந்த இரண்டுதான். சுகர் என்று தெரிந்தால் அங்கேயும் வாளி தாண்டிப் போய்விடும். அதனால்தான் வாயில் வந்த விரதத்தைச் சொன்னாள். நோயாளி என்று தள்ளி வைத்துவிடக் கூடாது என்று சொன்ன பொய், சாமி என்று தள்ளி வைத்துவிட்டது.

சரி, பிடித்தது பிடித்தாயிற்று என்று சாந்தம்மாள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். அதில் குறை சொல்ல முடியாது. சர்க்கரை டப்பாவை அடுத்த முறியில் இருக்கிற ஜார்க்கண்ட்காரப் பெண்ணிடம் அப்படியே கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்க அந்தப் பெண்ணிடம் தமிழ் இல்லை, சொல்ல இவளிடம் இந்தி இல்லை. பால் விடாத கட்டன்சாயாவைச் சர்க்கரையில்லாமல் குடித்தாள். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பீன்ஸ், முட்டைக்கோஸ், சவ்சவ், லயத்துக்குப் பின்னால் முளைக்கிற கீரை என்று பாதித் தட்டை நிரப்பினாள். பச்சைப் பயறு ஊற வைத்தாள். ரேஷன் அரிசியைக் கையால் அள்ளாமல் டம்ளரில் அளந்து போட்டாள்.

முட்டைதான் பெரிய பாடு. விரதக்காரி வீட்டில் மீன் வாடை வந்தால் லயமே கூடிவிடும், மீனை விட்டாள். முட்டையையும் விட்டால் டின்சி திட்டுவாள். சனிக்கிழமை சூரியநெல்லிக்குப் போய், தன்னைத் தெரியாத கடையாகப் பார்த்து ஆறு முட்டை வாங்கி, முந்தானையில் சுற்றி, கள்ளச் சரக்கு கடத்துகிறவள் மாதிரி கொண்டுவருவாள். கதவைத் தாழ்போட்டுவிட்டு அவிப்பாள். ஓட்டை நொறுக்கி அடுப்புக்குள் போட்டுவிடுவாள். மிச்ச முட்டைகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பழைய துண்டில் ஒளிந்திருக்கும். அவித்த முட்டையை அவசர அவசரமாக விழுங்கும்போது, திருடித் தின்கிற மாதிரி இருக்கும். இந்த வயதில் தன் வீட்டில் தானே ஒளிந்து தின்ன வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பு வரும். சேர்ந்து சிரிக்க ஆள் வேண்டும், அது இல்லை.

சாப்பிட்டபின் நடக்கச் சொன்னாளே டின்சி, இந்த மலையில் இருட்டினபின் யார் நடப்பார்கள்? ஆறு மணிக்கு மேல் யானை எந்தப் பாத்தியில் நிற்கிறது என்று வாட்ஸப்பில் செய்தி வர ஆரம்பித்துவிடும். அதனால் சாந்தம்மாள் முறிக்குள்ளேயே நடந்தாள். சுவரிலிருந்து சுவருக்கு ஏழு காலடி. திரும்பினால் மறுபடியும் ஏழு. புருஷன் படம், காலண்டர், அடுப்பு, கதவு என்று மாறி மாறிக் கண்ணில் படும். பதினைந்து நிமிஷம் அப்படி நடந்தால் அந்த முறி எவ்வளவு சின்னது என்றும், அதில் அவள் எவ்வளவு தனி என்றும் நன்றாகத் தெரிந்துவிடும். பக்கத்து முறியில் ஜார்க்கண்ட் குழந்தைகள் கத்திக்கொண்டே சாப்பிடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கிவிடக் கூடாது என்று அவள் மெதுவாக நடப்பாள்.

மரத்தடியும் மாறிப்போனது. பாறையில் உட்கார்ந்து பத்தடி தூரத்தில் மாரீஸ்வரியும் சிசிலியும் பிசைந்து தின்பதைப் பார்த்துக்கொண்டே இவள் பயறு மென்றாள். அவர்கள் அவளிடம் கேலி பேசுவதை விட்டுவிட்டார்கள். விரதக்காரியிடம் போய் யார் மேஸ்திரியைப் பற்றி அசிங்கமாகச் சொல்லிச் சிரிப்பார்கள்? அவள் பக்கம் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். காலையில் யானைக்குப் பயந்து ரோட்டிலேயே காத்து நிற்கிற நாட்களில் ஃப்ளாஸ்க் சாயா கைமாறிப் போகும், இவளைத் தாண்டிப் போகும். தீட்டு நாட்களில் மாரீஸ்வரி நாலு செடி தள்ளியே நிரை பிடிப்பாள். எல்லாம் மரியாதை. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாந்தம்மாளுக்கு அவர்கள் இருவரும் வேண்டியிருந்தது.

மாசி நடுவில் சேலை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஐந்து கிலோ இறங்கியிருந்தாள். முகம் சுருங்கிக் கண் பெரிதாகிவிட்டது. ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மாரீஸ்வரி ஓடிவந்து வழி மறித்தாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கேன், மறைக்கக் கூடாது. இந்த விரதம் பாண்டி வரணும்னுதான?"

சாந்தம்மாள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பாண்டி என்ற பேரைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் அவள் முன்னால் அந்தப் பேரைச் சொல்லவில்லை. மாரீஸ்வரிக்கு அந்தக் கண்ணீர் போதும். அன்று சாயங்காலமே சிசிலி போனில் கிடந்த பழைய நம்பரை வாங்கி, சாந்தம்மாளைக் கேட்காமலே திருப்பூருக்குப் போன் போட்டுவிட்டாள். போனில் அழுதும் இருக்கிறாள். 'ஒங்கம்மா ஒனக்காகச் சோறு தண்ணி விட்டு எலும்பாக் கெடக்காடா' என்றாளாம். அவளுக்கு எதிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும்.

பாண்டி ஒரு வாரம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டான். "திருவிழாக்கு வாறேன்" என்று மட்டும் சொன்னான். சாந்தம்மாள் போனை வைத்துவிட்டு முறிக்குள் ஏழு காலடி நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள் இருந்தது. அவன் வருவது அவளுக்காக இல்லை, அந்த விரதத்துக்காக. விரதமோ இல்லவே இல்லை.

பங்குனிக் கடைசியில் திருவிழா. திங்கட்கிழமை மத்தியானம் மூணாறு ஜீப்பிலிருந்து பாண்டி இறங்கினான். தலைமுடி முன்னால் கொட்டியிருந்தது. கையில் ஒரு கிலோ ஜிலேபிப் பொட்டலம். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னம்மா இப்பிடி எளச்சுட்ட?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"எனக்காக இதெல்லாம் செய்யணுமா?" என்று கேட்டவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கம்பெனில எல்லாருட்டயும் சொன்னேம்மா. எங்கம்மா எனக்காக மூணு மாசம் விரதம் இருக்குன்னு. ஒரு பயலுக்கும் அப்பிடி யாரும் இருந்ததில்லையாம்."

சாந்தம்மாள் அன்று அவனிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். உலகத்தில் சொல்வதற்கு அவன் ஒருவன்தான் உண்டு. ஆனால் இந்தப் பேச்சுக்கு மேல் எப்படிச் சொல்வாள்? தட்டில் அவனுக்குச் சோற்றை அள்ளி வைத்தாள். தான் அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் கோயிலுக்குத் தண்ணீர்க் குடம் எடுத்துப் போய்விட்டுத் திரும்பியபோது, பாண்டி வாசற்படியில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தான். முகம் கோணியிருந்தது.

"வீட்டுல சக்கரையே இல்லையாம்மா?"

"விரதம்லா."

"ம்" என்றான்.

உள்ளே போனாள். அரிசி டிரம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. முட்டை சுற்றியிருந்த துண்டை யாரோ ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள், அவள் ஒருநாளும் அப்படி மடித்ததில்லை. டின்சி வரைந்து கொடுத்த தட்டுப் படம் அதற்குமேல் இருந்தது. ஓரத்தில் அவள் பேரும் ஆறு புள்ளி மூன்றும், 'சுகர்' என்ற எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. வெளியே பாண்டி சாயாவைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கோயில் பக்கம் நடந்தான். சாந்தம்மாள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அப்படியே பஸ் ஏறிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

போகவில்லை. மத்தியானம் மாவிளக்கு இறக்கும் நேரத்துக்கு மாரீஸ்வரி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நிறுத்தினாள். தோட்டத்துச் சனமெல்லாம் சுற்றி நின்றது. பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் இடித்துப் பிசைந்த மாவிளக்கு, நெய் ஊறிப் பளபளவென்று இருந்தது. மாரீஸ்வரி அதில் ஒரு கை நிறையப் பிட்டு அவன் கையில் வைத்தாள்.

"ஊட்டுடா. ஒங்கையால வாங்கித்தான் ஒங்கம்மா விரதம் முடிக்கணும்."

சாந்தம்மாள் வாயைத் திறந்தாள். தின்றுவிடலாம், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்று டின்சியே சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பயம் அந்த மாவைப் பார்த்தல்ல. பாண்டி எல்லோர் முன்னாலும் என்ன சொல்லப் போகிறானோ என்றுதான்.

பாண்டி அந்த மாவிலிருந்து ஒரு கடலை அளவு கிள்ளினான். அதை அவள் நாக்கில் வைத்தான்.

"என்னடா இது, குருவிக்கு வைக்க மாதிரி? வாய் நெறையக் குடுடா" என்று மாரீஸ்வரி கத்தினாள்.

"போதும் சித்தி. அம்மாக்கு வயிறு சுருங்கிப் போச்சு. மிச்சம் எனக்கு. எனக்காகத்தான இருந்தாங்க?" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அத்தனையையும் தன் வாயில் அடைத்துக்கொண்டான். இரண்டு கன்னமும் உப்பிப் போய் மூச்சு முட்டியது. சனமெல்லாம் சிரித்தது. சிசிலி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாந்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சனம் அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டது.

புதன்கிழமை காலையில் பஸ்ஸுக்கு அவனோடு நடந்துபோனாள்.

"ஆச்சிக்கு மாதிரி ஒனக்கும் வந்துருமோன்னு பயமாம்மா?" என்று பாதி வழியில் அவனே கேட்டான்.

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீ பேசினாத்தான சொல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எனக்காகன்னு நெனச்சுட்டேன்" என்றான். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஒடுங்கியிருந்தது.

"விரதம் ஒனக்காக இல்லதான்" என்றாள் சாந்தம்மாள். "ஆனா நீ வரமாட்டியான்னு நெனக்காம ஒருநாளும் நான் சோத்துல கை வச்சதில்ல பாண்டி. அது சத்தியம்."

பஸ் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினான். திருப்பூரில் மாதம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றாள். பஸ் வளைவில் மறைகிறவரை நின்றாள், மறைந்தபின்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்த நாள் டின்சியிடம் ரத்தம் கொடுத்தாள். சனிக்கிழமை முடிவு வந்தது.

"அஞ்சு புள்ளி எட்டு! கலக்கிட்டீங்க சேச்சி!" டின்சி எழுந்தே நின்றுவிட்டாள். "மாத்திரை வேண்டா. வீட்டுல யாரு சமைச்சுத் தர்றது?"

"நான்தான்."

"கூடச் சாப்பிட யாரு?"

"யாருமில்ல."

டின்சி பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "நிறுத்திடக் கூடாது, கேட்டோ. மூணு மாசக் காரியமில்ல இது. இனி எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

எப்பவும் என்ற சொல்லைச் சாந்தம்மாள் வழி முழுக்கச் சுமந்துகொண்டு வந்தாள். அவள் மனசு திருட்டுத்தனமாகக் கணக்குப் போட்டது. ஆடி வரைக்கும் ஒரு விரதம் சொல்லலாம். அப்புறம் புரட்டாசி, அப்புறம் கார்த்திகை. வருஷம் முழுக்கச் சாமிகளுக்கா பஞ்சம்? ஆனால் அப்படிப் பார்த்தால் ஓய்வு பெறுகிற நாள்வரை அந்தப் பாறைதான். கால் இருக்கும், நடந்து போய் உட்கார ஆள் கூட்டம் இருக்காது. அப்படி ஒரு காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விசில் ஊதியதும் மாரீஸ்வரி சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "வாக்கா, வா! இன்னிக்கு மொத உருண்டையும் ஒனக்குத்தான், கடைசி உருண்டையும் ஒனக்குத்தான்" என்று பெரிதாக ஒன்றை உருட்டி நீட்டினாள்.

சாந்தம்மாள் நின்றுகொண்டே சொன்னாள். "மாரி, எனக்குச் சுகர் வர ஆரம்பம். தையிலயே சொல்லிட்டாங்க. அதான் ஒங்க சோத்த வாங்கல. விரதம்னு சொன்னது பொய்."

சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். மாரீஸ்வரியின் கை உருண்டையோடு அந்தரத்தில் நின்றது.

"அம்மன் பேரச் சொல்லியா பொய் சொன்ன?"

"ஆமா."

"நான் அந்தப் பயகிட்ட அழுதேனேக்கா. அவன் ஒனக்கு ஊட்டினானே..."

"அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அம்புட்டுண்டு குடுத்தான்."

மாரீஸ்வரி உருண்டையைத் திரும்பச் சட்டியிலேயே வைத்தாள். முகம் சிவந்து போயிருந்தது. திட்டுவாள் என்று சாந்தம்மாள் காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாரீஸ்வரி அவள் காலைப் பார்த்தாள். விரல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது.

"அப்ப இதெல்லாம் ஒனக்கு ஆகாதேக்கா" என்றாள் மெதுவாக. "எங்களப் பாத்தா ஆசை வரும். நீ பாறையிலயே ஒக்காந்து தின்னு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

சாந்தம்மாள் தூக்கை எடுத்தாள். மூன்று மாதப் பழக்கம், கால் தானாகவே பாறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"நான் மூணு மாசம் அங்கன ஒக்காந்து நல்லாத்தான் தின்னேன். காயும் தின்னேன், பயறும் தின்னேன். ஒரு வாய் ருசிக்கல. ஆசை வந்தா வந்துட்டுப் போகட்டும். தள்ளி ஒக்காருட்டி."

மாரீஸ்வரி தள்ளவில்லை. சாந்தம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் இடுப்பைக் கொடுத்து இடித்து உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்து பீன்ஸ் பொரியலையும் பயறையும் டம்ளர் அளவுச் சோற்றையும் மடியில் வைத்துக்கொண்டாள். சிசிலி எட்டிப் பார்த்து, கேட்காமலே கொஞ்சம் பீன்ஸை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பே இல்ல" என்றாள். மாரீஸ்வரி அன்றைக்கு முழுவதும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சோறு தின்று முடிகிறவரை, சாந்தம்மாளின் தோளில் பட்டுக்கொண்டிருந்த தன் தோளை அவள் நகர்த்தவும் இல்லை.